ரெண்டு மாசத்தில் வெளுத்துவிடும்

போன மாதம் உங்கள் போட்டோகிராபர் சங்கக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தி, "ஐயா, அந்தக் காலத்து ரீடச்சிங் பத்தி நாலு வார்த்தை பேசுங்க" என்றீர்கள். நானும் எழுந்து லென்ஸ், கண்ணாடித் தகடு, இருட்டறை என்று எதையோ சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. முன் வரிசையில் ஒரு பெண், உங்களில் ஒருத்திதான், செல்போனில் ஒரு கல்யாணப் பெண்ணின் முகத்தை விரலால் தேய்த்துத் தேய்த்து வெளுப்பாக்கிக்கொண்டிருந்தாள். நல்ல கை. அந்த வயதில் எனக்கிருந்த கையைவிட வேகமான கை. அதைப் பார்த்ததும் லென்ஸோடு நிறுத்திக்கொண்டேன். அதனால் எழுதித் தருகிறேன். தொழில் நுணுக்கம் எதுவும் இதில் இல்லை. நான் செய்த ஒரு காரியம் இருக்கிறது.

ஐம்பதுகளின் நடுவில் விழுப்புரம் ஜங்ஷனுக்குப் பக்கத்திலிருந்த ஒரு ஸ்டூடியோவில் ரீடச்சராகச் சேர்ந்தேன். முதலாளி பெயர் வேண்டாம். நல்ல மனிதர், தொழில் தெரிந்தவர். கண்ணாடித் தகடுதான் அப்போது நெகட்டிவ்; அதில் இருக்கிற முகத்தின் மேல் பென்சிலால் மெல்லப் பூசினால், அச்சில் அந்த இடம் வெளுப்பாக வரும். முகம் முழுவதும் வெளுக்க வேண்டுமென்றால் சிவப்புச் சாயத்தைத் தொட்டு ஒரு பூச்சு. இதுதான் என் வேலை. வாரப் பத்திரிகை அட்டைகளில் ரோஜா நிறத்தில் பெண்கள் இருப்பார்கள், பக்கத்தைத் திருப்பினால் ஸ்நோ, பவுடர் விளம்பரம். அந்த அட்டைகளை மேசைக்கு எதிரில் ஒட்டி வைத்துக்கொண்டு, காணைப் பக்கத்திலிருந்தும் திருவாமாத்தூர்ப் பக்கத்திலிருந்தும் வருகிற பெண்களின் முகத்தை அதுபோல ஆக்குவேன். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புகிற படம் என்றால் என்னிடம்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லிக் கேட்கிற அளவுக்குப் பேர் இருந்தது. என் நிறம் அடுப்புக்கரி. எனக்குப் பெண் பார்த்தபோது அனுப்பிய என் படத்தையும் நானேதான் வெளுப்பாக்கினேன்.

ஒரு நாள் காலையில் ஒரு சொல்தா வந்தார். பாண்டிச்சேரியில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, பென்ஷனோடு திரும்பி வந்தவர்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அவர் சொந்த ஊர் காணைக்குப் பக்கம். கூடவே அவர் மனைவி. அந்த அம்மாவைத் தெருவே நின்று பார்த்தது. மார்த்தினிக் என்ற தீவுக்காரி. அப்பா வழியில் ஆப்பிரிக்க வம்சம். அம்மா வழித் தாத்தா, காரைக்காலில் கப்பலேறி அங்கே கரும்பு வெட்டப் போன நம்ம ஊர்க்காரர். நல்ல உயரம், நல்ல கறுப்பு. தலையில் கட்டம் போட்ட துணியை முடிச்சு முடிச்சாகக் கட்டி, ஒரு முனை கொடி மாதிரி மேலே நின்றது. உற்றுப் பார்த்தால் நம்ம ஆட்கள் இடுப்பில் கட்டுகிற கைலித் துணி.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அந்த அம்மா சிரித்தார். "எங்க ஊர்ல இந்தத் துணிக்குப் பேரே மதராஸ்தான்" என்றார். புருஷனிடம் கற்றுக்கொண்ட தமிழ். வார்த்தைகள் உடைந்து உடைந்து வரும், ஆனால் புரியும். எல்லாரும் மதாம் என்று கூப்பிட்டதால் நானும் மதாம் என்றே கூப்பிட்டேன்.

படம் எடுத்தார் முதலாளி. தகடு என் மேசைக்கு வந்தது. இவ்வளவு தூரத்திலிருந்து வந்தவர், நம் கடைக்குப் பேர் வாங்கித் தர வேண்டும் என்று மூன்று நாள் வேலை பார்த்தேன். கன்னம், நெற்றி, மூக்குத் தண்டு, கழுத்து. முடிந்தபோது மதாமைத் தீவுக்காரி என்று யாரும் சொல்ல முடியாது. முதலாளி என் முதுகில் தட்டினார்.

மதாம் வந்து உறையைப் பிரித்தார். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது யாரு?"

"நீங்கதான் மதாம்."

"நான் இல்ல. இவளை எனக்குத் தெரியாது." கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. "என் முகத்துல என்ன தப்பு கண்டீங்க? அதைச் சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

தப்பு என்று எதையும் நாங்கள் நினைக்கவே இல்லை. மருத்துவர் புண்ணுக்கு மருந்து போடுவது மாதிரி, கறுப்பு என்றால் பென்சில். அவ்வளவுதான்.

மதாம் பையிலிருந்து ஒரு படப் பத்திரிகையை எடுத்து மேசையில் விரித்தார். அவர் தீவின் திருவிழா. கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்குவதற்கு முன் சில நாட்கள் ஊரே தெருவில் இறங்கி, மேளம் அடித்து, வேஷம் கட்டி ஆடுமாம். சாம்பல் புதன் அன்றைக்கு எல்லாரும் கறுப்பும் வெள்ளையுமாக உடுத்திக்கொண்டு, திருவிழாவின் ராஜாவாகச் செய்த பொம்மையை எரித்து, ஒப்பாரி வைத்து அழுது முடிப்பார்களாம். பக்கம் முழுவதும் ஒரு பெண்ணின் முகம். தலையில் கிரீடம். மதாமைவிடக் கறுப்பு. நெற்றியிலும் கன்ன மேட்டிலும் வெளிச்சம் விழுந்து வழிகிறது. ஒரு இடத்தில்கூடப் பென்சில் படவில்லை. எனக்குத் தெரியாதா, படவில்லை.

"இவ மீன்காரி மக" என்றார் மதாம். "எங்க ஊர்லயும் ராணின்னா வெளுத்தவளுக்குத்தான் கிரீடம். ரொம்ப வருஷம் அப்படித்தான். இவளுக்கு வாங்கறதுக்கு நாங்க தெருவுல நின்னு கத்தினோம். என் தொண்டை ஒரு வாரம் கட்டிப்போச்சு."

குழந்தைகளைச் சிரிக்க வைக்க ஸ்டூடியோவில் ஒரு கிராமபோன் உண்டு. சொல்தா வைத்திருந்த இசைத்தட்டை அதில் போட்டார்கள். பம்பையும் நாயனமும் கப்பலேறிப் போய் வேறு பாஷை கற்றுக்கொண்டு வந்த மாதிரி ஒரு பாட்டு. மதாம் உட்கார்ந்தபடியே தோளை மட்டும் அசைத்தார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்தேன். அதுவரை எத்தனையோ முகம் பார்த்திருக்கிறேன், எங்கே பூச வேண்டும் என்று மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

"மறுபடியும் எடுத்துத் தர்றேன் மதாம்" என்றேன். முதலாளி முறைத்தார். ஆனாலும் விட்டார்.

முகத்தில் பவுடர் வேண்டாம் என்றேன். விரல் நுனியில் தேங்காய் எண்ணெய். பின்னால் கறுப்புத் திரையை எடுத்துவிட்டு வெள்ளை வேட்டி. ஜன்னல் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விட்டேன். இரண்டு தகடு வீணாயிற்று, மூன்றாவது சரியாக வந்தது. மதாம் அதைப் பார்த்து, "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார். பிறகு, "இதைக் கடை வாசல்ல வைக்கணும்" என்றார்.

முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. "அதைப் பார்த்தா எந்தப் பொண்ணு வீட்டுக்காரன்டா உள்ள வருவான்?" என்றார். ஆனால் எங்களுக்குத் திண்டிவனத்தில் ஒரு சின்னக் கிளை இருந்தது. வாரத்தில் மூன்று நாள் ரயிலில் போய் அதை நான்தான் பார்த்துக்கொண்டேன். முதலாளி அந்தப் பக்கம் வருவது அபூர்வம். அங்கே கண்ணாடிப் பெட்டியில் நடுவாக மாட்டினேன். 'காப்பிரி' என்று ஆப்பிரிக்கர்களுக்குச் சொல்கிற வசவைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனவர்கள் உண்டு. பேய் படம் வைத்திருக்கிறான் என்று ஒரு பெரியவர் சண்டைக்கே வந்தார். நான் எடுக்கவில்லை.

பிலோமினாவை அங்கேதான் முதலில் பார்த்தேன். திண்டிவனத்தில் டீச்சர் ட்ரெய்னிங் படித்துக்கொண்டிருந்த பெண், ஹாஸ்டல் வாசம். அப்பா அந்தோணி, ரயில்வேயில் கேங்மேன், தண்டவாளத்தில் வேலை. பரம்பரையில் நிலம் என்று ஒரு குழி இல்லாத குடும்பம், முதல் தடவையாக ஒரு பெண் படிக்கிறாள். நாலைந்து நாள் வாசலில் நின்று அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் போனாள். ஒரு நாள் அவள் நின்றுகொண்டிருந்தபோது மதாமே பஸ்ஸில் வந்து இறங்கினார், தன் படம் வாசலில் இருப்பதைப் பார்க்க. பெண் படத்தையும் மதாமையும் மாறி மாறிப் பார்த்தாள். மதாம் அவள் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"இவளை எடுங்க. இதே மாதிரி."

"வீட்டுல போட்டோ எடுத்துக்கினு வரச் சொல்லியிருக்காங்க சார்" என்றாள் பிலோமினா. "மாப்பிள்ளை பாக்கறாங்களாம். பவுடர் நெறையா போட்டுக்கினு போன்னு அம்மா சொன்னாங்க." கொஞ்சம் நிறுத்தி, "போடலைன்னா நல்லா வருமா சார்?" என்று கேட்டாள்.

"வரும்" என்றேன்.

மதாம் அவள் முகவாயை இரண்டு விரலால் தூக்கினார். "யார்கிட்டயும் மன்னிப்பு கேக்கற மாதிரி உக்காராத" என்றார். பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு அடங்கி, உதட்டில் மட்டும் மிச்சம் இருந்த நேரத்தில் எடுத்தேன். நாற்பது வருஷத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருந்தேன். நான் எடுத்ததிலேயே நல்ல படம் எது என்று என்னைக் கேட்டால் அதுதான். படத்தைக் கையில் வாங்கி, "நான் இப்படியா சார் இருக்கேன்?" என்றாள். ஆமாம் என்றேன். ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனாள்.

சில மாதத்தில் சொல்தாவும் மதாமும் பிரான்சுக்குக் கப்பலேறிப் போய்விட்டார்கள். பிறகு அவர்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இதற்குப் பிறகு நடந்தது எதுவும் மதாமுக்குத் தெரியாது என்பதில் எனக்கு ஒரு அற்ப நிம்மதி.

அந்தோணி விழுப்புரம் கடைக்கு வந்தபோது மழைக்காலம். தொப்பலாக நனைந்திருந்தார். உள்ளே வரவில்லை, படியிலேயே நின்றார். நான்தான் வெளியே போனேன்.

"எம் பொண்ணு போட்டோ மூணு எடத்துக்கு அனுப்பினேன் சார். மூணும் திரும்பி வந்துடுச்சு. ஒருத்தங்க காயிதம்கூட எழுதல. ஒருத்தங்க எழுதியிருக்காங்க, பொண்ணு படிச்சிருக்கறது சந்தோஷம், ஆனா நெறம் எங்க வீட்டுக்கு ஒத்து வராதுன்னு." சட்டைக்குள்ளிருந்து படத்தை எடுத்தார். மழை படாமல் எண்ணெய்த் தாளில் சுற்றியிருந்தார். "இப்ப நாக்பூர்ல ஒரு எடம் வந்திருக்கு. பூர்வீகம் கடலூர்ப் பக்கம். பையன் ஆபீஸ்ல கிளார்க்கு. எல்லாம் காயிதத்துலயே பேசிக்கினு இருக்கோம், போட்டோ கேக்கறாங்க. இதுவும் போச்சுன்னா என்னால தாங்க முடியாது சார். கொஞ்சம் வெளுப்பா பண்ணிக் குடுங்க. எல்லாருக்கும் பண்றீங்க இல்ல?"

எல்லாருக்கும் பண்றீங்க இல்ல என்று அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. ஊரில் பெரிய வீட்டுப் பெண்களுக்கெல்லாம் பண்ணுகிறேன், அவர் பெண்ணுக்கு மட்டும் ஏன் பண்ணவில்லை? என் ஆசைக்கு அந்தப் பெண்ணின் கல்யாணத்தைப் பணயம் வைத்துவிட்டேனோ என்று எனக்குத் திகிலாக இருந்தது. முதலாளி உள்ளேயிருந்து, "என்னடா யோசனை, பண்ணிக் குடு" என்றார்.

பண்ணிக் கொடுத்தேன். அதே தகட்டில், அந்தச் சிரிப்பின் மேலேயே சிவப்புச் சாயத்தைப் பூசினேன். மதாமுக்குச் செய்ததைவிடச் சுத்தமாகச் செய்தேன்.

தம்பி தங்கைகளே, இந்த இடத்தில் நான் செய்யத் தவறியது ஒரு சின்னக் காரியம். திண்டிவனம் கிளையிலிருந்து அவள் ஹாஸ்டல் நடக்கிற தூரம். "உன் அப்பா இப்படிக் கேக்கறாரும்மா, உனக்குச் சம்மதமா?" என்று ஒரு வார்த்தை அவளைக் கேட்டிருக்கலாம். முகம் அவளுடையது. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்பா கேட்டார், முதலாளி சொன்னார், நான் செய்தேன். அவசரத்தில் எடுக்கிற முடிவு பற்றி நீங்கள் எத்தனையோ கேட்டிருப்பீர்கள். யாரைக் கேட்க வேண்டும் என்பதுதான் அவசரத்தில் முதலில் மறந்துபோகிறது.

நாக்பூரிலிருந்து சம்மதக் கடிதம் வந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தார்கள். கல்யாணத்துக்குப் படம் எடுக்க என்னையே கூப்பிட்டார் அந்தோணி. பெட்டியையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு காலையிலேயே அவர்கள் ஊர்க் கோயிலுக்குப் போய்விட்டேன். மாப்பிள்ளை வீட்டார் முந்தின நாள்தான் வந்து இறங்கியிருந்தார்கள். பூசைக்கு மணியடிக்க அரை மணி நேரம் இருக்கும்போது, மாப்பிள்ளையின் அம்மா, பூசைக்குப் பிறகு கட்டுகிற கூறைப் புடவையைக் கொடுக்கப் பெண் இருந்த அறைக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். கையில் நான் வெளுப்பாக்கிய படம்.

"இந்தப் போட்டோவுல இருக்கறது யாரு?" என்று அந்தோணியைக் கேட்டார். "அக்காவா? தங்கச்சியா? யாரைக் காட்டி யாரைத் தள்ளி விடறீங்க?"

கோயிலுக்குப் பக்கவாட்டில் வேப்பமரத்தடி. ஐம்பது அறுபது பேர் கூடிவிட்டார்கள். அந்தோணி கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு, "அதே பொண்ணுதாம்மா, சத்தியமா அதே பொண்ணுதாம்மா" என்பதைத் தவிர வேறு பேசவில்லை. மாப்பிள்ளை கோட்டுப் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்து நின்றான். பங்குச் சாமியார் வெளியே வந்து, "எதுவா இருந்தாலும் மெதுவா பேசுங்க" என்றார். யாரோ ஒருவன் என்னைக் காட்டினான். "தோ, போட்டோ புடிச்சவரே நிக்கிறாரு. அவரைக் கேளுங்க."

எல்லாரும் திரும்பினார்கள். அறை வாசலில் பிலோமினா வெள்ளைச் சேலையோடு நின்றாள். முக்காடு இன்னும் போடவில்லை. அவளும் என்னைத்தான் பார்த்தாள். அவள் கண்ணில் என்ன இருந்தது என்று அப்போது நான் படித்தது ஒன்று. காப்பாத்துங்க என்று கேட்கிறாள் என்று நினைத்தேன்.

"சொல்லுங்க சார்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "நீங்க தொழில்காரரு. இது எப்படி இவளா இருக்க முடியும்?"

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒரு எழுத்தும் மறக்கவில்லை.

"அதே பொண்ணுதாம்மா. நான்தான் எடுத்தேன். அப்ப இந்த நெறத்துலதான் இருந்தாங்க. ட்ரெய்னிங் ஸ்கூல்ல தோட்ட வேலை செய்ய விடறாங்க, வெயில்ல நின்னு கருத்துட்டாங்க. எத்தனையோ முகம் பாத்தவன் நான், என் வேலையே அதுதான். வீட்டுக்குள்ள நெழல்ல இருந்தா ரெண்டு மாசத்துல வெளுத்துடும்."

கூட்டத்தில் பெருமூச்சு. அப்படித்தான், வெயில் அப்படித்தான் பண்ணும் என்று நாலு பேர் ஒத்து ஊதினார்கள். அந்த அம்மா படத்தை இன்னொரு தடவை பார்த்தார். "ரெண்டு மாசமா?" என்றார். ரெண்டே மாசம் என்றேன். மணி அடித்தது. கல்யாணம் நடந்தது. அந்தோணி என் ரெண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். விழுப்புரம் திரும்பி முதலாளியிடம் சொன்னேன். "சமயத்துல புத்தி வந்துச்சு பாரு, ஒரு குடும்பத்தைக் காப்பாத்திட்ட" என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ரொம்ப நாள் பெருமையாகக்கூடச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஏழெட்டு வருஷம் போயிற்று. முதலாளி காலமாகி, விழுப்புரம் கடையை நானே எடுத்து நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மத்தியானம் ஒரு அம்மா உள்ளே வந்து, "பாஸ்போர்ட் சைஸ் எடுக்கணும் சார்" என்றார். நான் தலை நிமிர்ந்து பார்த்தேன். ரெண்டு கன்னத்திலும் நெற்றியிலும் தோல் திட்டுத் திட்டாக உரிந்து, சில இடம் வெள்ளையாகவும் சில இடம் நீலம் பாரித்த கறுப்பாகவும் இருந்தது. நெருப்புப் பட்டிருக்கும் என்று நினைத்தேன்.

"என்னைத் தெரியல இல்ல?" என்றாள். "பிலோமினா."

நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள். அவளாகவே சொன்னாள். குரலை உயர்த்தவில்லை.

"நாக்பூர் போன நாள்லேர்ந்து அந்த ரெண்டு மாசத்தை எண்ண ஆரம்பிச்சுட்டாங்க சார். என்னை வெளியவே விடல, ஜன்னல்கிட்ட நின்னாக்கூட மாமியார் சத்தம் போடுவாங்க, வெயில் படுதுன்னு. அந்தப் போட்டோவை ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டியிருந்தாங்க. ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சு வந்ததும் என்னை அது பக்கத்துல நிக்க வெச்சுப் பாப்பாங்க. ரெண்டு மாசம் ஆச்சு. மூணு மாசம் ஆச்சு. போட்டோக்காரர் பொய் சொல்ல மாட்டாரு, நீதான் ஒழுங்கா இருக்கறதில்லன்னாங்க. அப்புறம் மருந்துக்கடையிலேர்ந்து வெள்ளைக் களிம்பு வந்துச்சு. மொதல்ல கொஞ்சம் வெளுத்துச்சு. எல்லாருக்கும் சந்தோஷம். அவருக்குக்கூட. இன்னும் போடு, இன்னும் போடுன்னாங்க. பாதரசம் கலந்ததுன்னு பின்னாடி டாக்டர் சொன்னாரு. அதுக்குள்ள தோல் போயிடுச்சு."

"அவரு...?" என்று கேட்டேன்.

"இப்படி ஆனப்புறம் கூட்டிக்கினு வந்து எங்கப்பா வீட்டுல விட்டுட்டாரு. அப்பாவும் போன வருஷம் போயிட்டாரு." தம்ளரை மேசையில் வைத்தாள். "மொதல்ல எடுத்தீங்களே ஒரு போட்டோ, அது என்கிட்ட இருந்தது அங்க கிழிச்சுட்டாங்க. தகடு உங்ககிட்ட இருக்கும் இல்ல? அந்தப் பூச்சைக் கழுவிட்டு ஒண்ணு போட்டுக் குடுப்பீங்களா?"

பழைய கண்ணாடித் தகடுகளை நாங்கள் வருஷா வருஷம் காரம் போட்டுத் தேய்த்துக் கழுவி, படத்துக்குச் சட்டம் போடுகிற கடைகளுக்குக் கொடுத்துவிடுவோம். எல்லாக் கடையிலும் அதுதான் வழக்கம். அவள் தகடு எந்தச் சாமி படத்துக்கு மேலே கண்ணாடியாக இருக்கிறதோ. சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டாள்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "அன்னிக்கு உன்னைக் காப்பாத்தணும்னுதாம்மா சொன்னேன்" என்றேன். "நீ அப்படிப் பாத்தே."

"நான் பாத்தது அதுக்கு இல்ல சார்" என்றாள். "நீங்க உண்மையைச் சொல்லிடுவீங்கன்னு பாத்தேன். சொல்லியிருந்தா கல்யாணம் நின்னிருக்கும். அப்பா ரெண்டு நாள் அழுதிருப்பாரு. நான் ஹாஸ்டலுக்குப் போயிருப்பேன். ட்ரெய்னிங் முடிக்க ரெண்டு மாசந்தான் பாக்கி இருந்துச்சு."

காலித் தம்ளரை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவி வைத்தேன்.

விட்ட படிப்பை முடித்துவிட்டாளாம். ஏதோ மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலைக்கு மனு போடப் படம் வேண்டியிருந்தது. உட்கார வைத்தேன். எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் விட்டாலும் திட்டு தெரிந்தது. "லேசா சரி பண்ணித் தரட்டுமாம்மா?" என்று கேட்டேன். இந்தத் தடவை கேட்டேன்.

"வேணாம் சார். இருக்கற மாதிரியே இருக்கட்டும். இல்லன்னா இன்டர்வியூல வேற ஆளுன்னு திருப்பி அனுப்பிடுவாங்க."

அப்படியே எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் வந்து வாங்கிக்கொண்டு, கவரைப் பிரித்துப் பார்க்காமல் பைக்குள் வைத்தாள். வேலை கிடைத்ததா, எங்கே போனாள், எனக்குத் தெரியாது. தேடிப் போய் விசாரிக்கவும் எனக்குத் துணிச்சல் வரவில்லை.

இதைப் படித்துவிட்டு, அன்றோடு இவர் மாறிவிட்டார் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். படத்தை வாங்கிக்கொண்டு அவள் படியிறங்கிப் போன அன்றைக்கே மத்தியானம், முண்டியம்பாக்கத்திலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். பெண்ணுக்குப் பதினெட்டு வயது இருக்கும், வெயிலில் நடந்து வந்த முகம் பளபளவென்று இருந்தது. அம்மா என் பக்கம் குனிந்து மெதுவாக, "கொஞ்சம் வெளுப்பா வரணும் சார், மாப்பிள்ளை ஊட்டுக்கு அனுப்பணும்" என்றார். பெண் எங்களைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பேரைக்கூட நான் கேட்கவில்லை.

"பண்ணிடலாம்மா" என்றேன். "பவுடர் உள்ள இருக்கு, பூசிக்கினு வரச் சொல்லுங்க."